பெயர் எழுதாத விடைத்தாள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நெருங்கிய தோழி அரசியல் குடும்பத்துப் பெண். தாத்தா காலத்திலிருந்தே பதவியில் இருக்கும் வீடு. ஒருநாள் பேச்சுவாக்கில், "நான் வேறு எந்த வீட்டிலாவது பிறந்திருக்கலாம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அவர் முகம் மாறிவிட்டது. பணமும் பெயரும் செல்வாக்கும் உள்ள வீட்டில் பிறந்தவருக்கு அப்படி என்ன சுமை, அவர் மனதாரத்தான் சொன்னாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனதாரத்தான் சொல்லியிருப்பார். நான் பல வருடங்கள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பது தொழிலோடு ஒட்டி வந்த பழக்கம். போகப்போக, தலைவர்களைவிட அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிய பக்கங்களில்தான் என் கண் அதிகம் நின்றது. வகுப்பிலும் அப்படிச் சில பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி. அப்பா சட்டமன்ற உறுப்பினர். பள்ளியில் நடந்த கட்டுரைப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பரிசளிப்பு முடிந்த மறுநாள், வகுப்பு கலைந்த பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், உண்மையைச் சொல்லுங்க. கட்டுரை நல்லா இருந்ததா, இல்ல அப்பாவுக்காகக் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். "நல்லா இருந்ததும்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் பரிசுக்குரியதா? தாளின் மேல் அவள் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் நாங்கள் மூவரும் கட்டுரையைப் படித்தோம். அந்தப் பெயர் எங்கள் மதிப்பெண்ணை ஒரு துளியும் நகர்த்தவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. கேள்வி கேட்ட பிள்ளைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எங்களிடமே பதில் இல்லை.

அடுத்த வருடம் தாளில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும் போதும் என்று மாற்றினோம். அந்த முறை அவளுக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசுக்கு அப்படி மகிழ்ந்த ஒரு பிள்ளையை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிலிருந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கேட்டால் இந்தச் சுமைகளில் பெரியது இதுதான். தன்னுடைய அளவு என்னவென்று தனக்கே தெரியாமல் வளர்வது. ஜெயித்தால் "அவங்க அப்பா இருக்காரே" என்பார்கள். தோற்றால் "அந்த அப்பாவுக்கு இப்படி ஒரு பிள்ளையா" என்பார்கள். பாராட்டும் சரி, திட்டும் சரி, எதுவும் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேராக வந்து சேராது. சாதாரண வீட்டுப் பிள்ளை பத்து இடத்தில் அடிபட்டு, நாலு இடத்தில் தட்டிக்கொடுக்கப்பட்டு, தன்னால் எது முடியும், எது முடியாது என்று இருபது வயதுக்குள் ஓரளவு தெரிந்துகொள்கிறது. இவர்களுக்கு அந்த அளவுகோலே கையில் கிடைப்பதில்லை. நாற்பது வயதிலும் "இது எனக்குக் கிடைத்ததா, என் பெயருக்குக் கிடைத்ததா" என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பிள்ளைக்குச் சலுகை காட்டும் பெற்றோரால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்று நினைக்கலாம். சலுகையே காட்டாத பெற்றோராலும் வரும். காந்தியின் மூத்த மகன் ஹரிலாலின் கதை அதுதான். 1888-ல் பிறந்தவர். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் இருபது வயதிலேயே சிறைக்குப் போனார், ஒரு முறை அல்ல, பல முறை. 'சின்ன காந்தி' என்று அங்கிருந்தவர்கள் அழைத்தார்கள். அப்பாவைப் போலவே இங்கிலாந்து போய் பாரிஸ்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடும்ப நண்பர் ஒருவர், காந்தியின் மகன்களில் ஒருவரை இங்கிலாந்தில் படிக்க வைக்கத் தானே உதவுவதாகச் சொன்னார். காந்தி அந்த வாய்ப்பை ஹரிலாலுக்குத் தரவில்லை, உறவினரான சகன்லாலை அனுப்பினார். சகன்லால் உடல்நலம் சரியில்லாமல் திரும்பி வந்தார். அப்போதும் அது மகனுக்கு வரவில்லை, போராட்டத்தில் உடன் நின்ற சோராப்ஜி என்ற இளைஞருக்குப் போனது.

பொதுவாழ்க்கையின் கண்ணிலிருந்து பார்த்தால் காந்தி செய்தது உயர்ந்த காரியம். சொந்தப் பிள்ளை என்பதற்காக எதையும் கொடுக்கவில்லை. மகனின் கண்ணிலிருந்து பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் தன் உழைப்புக்கு அது கிடைத்திருக்கும், இந்த வீட்டில் பிறந்ததால் கிடைக்கவில்லை. 1911-ல் வீட்டை விட்டுப் போனார் ஹரிலால். அதன் பிறகு குடி, கடன், அப்பாவை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம், 1936-ல் மதம் மாறி, சில மாதங்களில் திரும்பியது என்று எல்லாமே ஊரறிய நடந்தது. 1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார். அதே வருடம் ஜூன் 18-ல் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் ஹரிலால் இறந்தார். அவர் செய்த தவறுகளுக்கு அவரே பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இருபதுகளின் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் போன அந்த இளைஞனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

அப்புறம், பெற்றோர் வீட்டில் இல்லாத கஷ்டம். நேரு தன் வாழ்நாளில் ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் சிறையில் இருந்தவர். 1930-க்கும் 1933-க்கும் இடையில் மகள் இந்திராவுக்குச் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் உலக வரலாறே இருக்கிறது. வகுப்பில் அவற்றை நான் பெருமையாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். ரொம்ப காலம் கழித்துத்தான், அவை போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண், உடல்நலமில்லாத அம்மாவோடு இருந்தாள் என்பது எனக்கு உறைத்தது. சிறை இல்லாத காலத்திலும் சுற்றுப்பயணம், கூட்டம், சபை என்று பெற்றோரின் நேரமெல்லாம் போய்விடும். நாட்டுக்காகத்தானே என்று பிள்ளை கோபப்படவும் முடியாது. கோபப்பட்டால் சுயநலம் என்றாகிவிடும்.

இனி துக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1984 அக்டோபர் 31. காலையில் இந்திரா காந்தி தன் வீட்டு வளாகத்திலேயே மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். மகன் ராஜீவ் அப்போது மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். டெல்லி திரும்பினார். அன்று மாலையே பிரதமராகப் பதவியேற்றார். அவருக்கு வயது 40. அடிப்படையில் அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானி. தம்பி சஞ்சய் 1980-ல் விமான விபத்தில் இறக்கும்வரை அரசியல் பக்கம் வராதவர். அம்மாவின் உடல் இருந்த மருத்துவமனையிலேயே, பதவியை ஏற்க வேண்டாம் என்று மனைவி சோனியா அவரிடம் மன்றாடினார், எப்படியும் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அவர் பதில் சொன்னார் என்று உடனிருந்த அதிகாரி பின்னாளில் எழுதியிருக்கிறார். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் அப்படியே நடந்தது.

காலையில் தாயை இழந்தவர் மாலையில் பதவி உறுதிமொழி எடுத்தார். நடுவில் அழுவதற்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் பதினான்கு வயதில் ஒரு மகன், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். பாட்டி இறந்த பிறகு பாதுகாப்புக்காக அவர்கள் பள்ளிக்குப் போவது நின்று, படிப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது. அப்பா இறந்த பிறகு அந்த மகன் ராகுல் அமெரிக்காவில் வேறொரு பெயரில் கல்லூரிப் படிப்பை முடித்தார். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். இருபத்தொரு வயதில் சொந்தப் பெயரை வெளியில் சொல்ல முடியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையனாக மட்டும் ஒரு நிமிடம் அவரைப் பாருங்கள்.

பாகிஸ்தானின் பூட்டோ குடும்பத்தில் இது இன்னும் கடுமை. முன்னாள் பிரதமர் சுல்பிகர் அலி பூட்டோ 1979 ஏப்ரல் 4-ல் தூக்கிலிடப்பட்டார். காவலில் இருந்த மகள் பெனசிருக்கு, வயது 25, முந்தைய நாள் சிறையில் கடைசியாக ஒருமுறை பார்க்க விட்டார்கள். அடக்கத்துக்குப் போக விடவில்லை. தம்பி ஷாநவாஸ் 1985-ல் பிரான்ஸில் மர்மமாக இறந்தார். இன்னொரு தம்பி முர்தாசா 1996 செப்டம்பரில் கராச்சியில் தன் வீட்டருகே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அப்போது நாட்டின் பிரதமர் அவருடைய அக்கா பெனசிர்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் அரசியலில் பெரும் பகை இருந்த நேரம் அது. சொத்துக்காகச் சண்டை போடும் அண்ணன் தம்பிகளை ஊரில் பார்க்கிறோம், கடைசியில் ஏதோ ஒரு சமரசம் வந்துவிடும். வாரிசு யார் என்ற சண்டையில் கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டு இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றுவதால், சமரசத்துக்கு இடமே இருப்பதில்லை.

பெனசிர் 2007 டிசம்பர் 27-ல் கொல்லப்பட்டார். டிசம்பர் 30-ல் மகன் பிலாவல் கட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டார். பத்தொன்பது வயது, ஆக்ஸ்போர்டில் மாணவர். அதுவரை பிலாவல் சர்தாரி. அன்றிலிருந்து பிலாவல் பூட்டோ சர்தாரி. அம்மா இறந்த மூன்றாம் நாள் ஒரு பையனின் பெயரே மாறிவிட்டது. எல்லாருடைய பார்வைக்கும் அது பதவி. எனக்கு அது ஒரு பிள்ளையின் துக்கத்தைக் கட்சி எடுத்துக்கொண்ட நாள். முர்தாசாவின் மகள் ஃபாத்திமா, அப்பா சுடப்பட்ட இரவில் பதினான்கு வயதுச் சிறுமி. வளர்ந்து எழுத்தாளரானார். அந்தப் பெயருக்கு அரசியலில் என்ன விலை கிடைக்கும் என்று தெரிந்தும் தேர்தல் பக்கம் போகாமல் எழுத்தோடு நின்றுகொண்டார். மறுப்பதற்கும் பெரிய தெம்பு வேண்டும்.

இந்தத் துக்கத்துக்கு முடிவும் கிடையாது. நம் வீட்டில் ஒருவர் இறந்தால் வருடங்கள் போகப்போக வலி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். இவர்கள் வீட்டில் ஒவ்வொரு நினைவு நாளும் பொதுக்கூட்டம். மேடையில் நின்று, அப்பா எப்படிச் செத்தார் என்பதை வருடா வருடம் மைக்கில் சொல்ல வேண்டும். காயம் ஆறிவிட்டால் அரசியல் வலுவிழந்துவிடும். 1975 ஆகஸ்ட் 15-ல் வங்கதேச அதிபர் ஷேக் முஜிபுர் ரகுமானோடு மனைவி, மூன்று மகன்கள், மருமகள்கள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள். கடைசி மகன் ரஸ்ஸலுக்குப் பத்து வயது. ஐரோப்பாவில் இருந்ததால் மகள்கள் ஹசீனாவும் ரெஹானாவும் தப்பினார்கள். 1981-ல் நாடு திரும்பிய ஹசீனா, அந்தத் துக்கத்தையே தன் அரசியலின் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார். பின்னாளில் நாடும் தன் குடும்பமும் ஒன்றுதான் என்பது போல ஆண்டார். 2024 ஆகஸ்டில் மக்கள் எழுச்சியில் நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது. குடும்பத்தையே இழந்த அந்த இளம்பெண்ணை நினைத்து நான் இரங்குகிறேன் என்பதற்காக, அவர் ஆட்சியில் இறந்தவர்களின் கணக்கு இல்லாமல் போய்விடாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரை நம்புவது என்பது இன்னொரு பாடு. தென்கொரியாவின் பார்க் கியுன் ஹே-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் அதிபரான தந்தையைக் குறிவைத்த தோட்டாவில் தாய் இறந்தார். பிரான்ஸில் படித்துக்கொண்டிருந்த மகள், 22 வயதில் திரும்பி வந்து, அதிபரின் மனைவி செய்ய வேண்டிய சடங்குக் கடமைகளையெல்லாம் தான் செய்தார். 1979-ல் தந்தையை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். தாயை இழந்த சமயத்தில் ஆறுதல் சொல்லி நெருங்கிய ஒரு மதப் பிரசங்கியும், அவர் மகளும் பார்க்கின் வாழ்க்கைக்குள் வந்தார்கள். நாற்பது வருடங்களுக்குப் பிறகு, 2013-ல் அதிபரான பார்க், தோழியாகிவிட்ட அந்த மகளுக்கு ஆட்சியில் வரம்பில்லாத இடம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில்தான் 2017 மார்ச்சில் பதவியை இழந்து சிறைக்கும் போனார். செய்தது குற்றம். ஆனால் சுற்றியிருக்கும் எல்லாரும் ஏதோ ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள் என்று பழகிப்போன ஒரு பெண், இருபத்திரண்டு வயதில் கிடைத்த ஒரே துணையை அறுபது வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டார் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் தோழியையும் கவனித்துப் பாருங்கள். புதிதாக ஒருவர் நட்பாகப் பேச வந்தால் முதல் சில நாட்கள் அவர் சற்று ஒதுங்கியே இருப்பார். திமிர் என்று பலர் நினைப்பார்கள். வந்தவருக்கு என்ன வேண்டும் என்று தெரிவதற்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

குடும்பத்தின் முகம் எப்போதும் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் கென்னடி குடும்பத்தில் ரோஸ்மேரி என்று ஒரு பெண் இருந்தார். ஜான் கென்னடிக்கு ஒரு வயது இளையவர், மனவளர்ச்சி குன்றியவர். மகன்களை அரசியலில் உயர்த்தக் கனவு கண்ட தந்தை, 1941-ல் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மகளுக்கு மூளை அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். அது அவருடைய பேச்சையும் நடையையும் பறித்துவிட்டது. அப்போது அவருக்கு 23 வயது. அதன் பிறகு விஸ்கான்சினில் ஒரு காப்பகத்தில் பல பத்தாண்டுகள். அண்ணன் அதிபராகும்வரை அவர் எங்கே என்பது வெளியுலகுக்குத் தெரியாது. தங்கை யூனிஸ் 1968-ல் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கினார்.

இதே மாதிரி ஒரு படம் என் மனதில் நிற்கிறது. 1998 ஆகஸ்ட் 18. பில் கிளின்டன் தன் தகாத உறவைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட மறுநாள். குடும்பம் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஹெலிகாப்டரை நோக்கி நடக்கிறது. நடுவில் பதினெட்டு வயது மகள் செல்சி. ஒரு கை அப்பாவின் கையில், ஒரு கை அம்மாவின் கையில். அப்பாவும் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவில்லை, மகள்தான் இருவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். பெற்றோருக்குள் இப்படி ஒன்று நடந்தால் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் அறை இருக்கும். இந்தப் பிள்ளை உலகத்தின் எல்லா கேமராக்களுக்கும் முன்னால் அந்த நூறு அடியை நடக்க வேண்டியிருந்தது.

பெயரே தண்டனையாகிப் போனவர் என்றால் எனக்கு ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானாதான். 1926-ல் பிறந்தவர். ஆறு வயதில் தாய் இறந்தார், குடல்வால் நோய் என்று சொன்னார்கள். பதின்ம வயதில் ஆங்கிலம் பழகுவதற்காக ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியபோதுதான் அம்மா தற்கொலை செய்துகொண்டார் என்று படித்தார். நாடே அறியாத, வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை, மகளுக்கு அந்நிய மொழி அச்சில் வந்து சேர்ந்தது. பதினாறு வயதில் அலெக்சி காப்லர் என்ற திரைக்கதை ஆசிரியரை விரும்பினார். அப்பாவுக்குத் தெரிந்தது, 1943-ல் காப்லர் கைதாகி வொர்குத்தா என்ற தொலைதூர ஊருக்கு அனுப்பப்பட்டார். தான் நேசித்ததற்காக இன்னொருவர் பத்து வருடம் அனுபவிக்கிறார் என்ற எண்ணத்தோடு வாழ்வது எப்படி இருக்கும்? மூத்த அண்ணன் யாகோவ் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டு 1943-ல் முகாமில் இறந்தார். இன்னொரு அண்ணன் வாசிலி குடித்துக் குடித்தே நாற்பது வயதில் செத்தார்.

1957-ல் அவர் ஸ்டாலின் என்ற பெயரை விட்டு, தாயின் குடும்பப் பெயரான அலிலுயெவாவை எடுத்துக்கொண்டார். பிறகு பிரஜேஷ் சிங் என்ற இந்தியரை நேசித்தார். அவர் மாஸ்கோவில் இறந்தபோது அஸ்தியைக் கங்கையில் கரைக்க இந்தியா வந்தார். 1967 மார்ச் 6-ல், ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில், டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய்த் தஞ்சம் கேட்டார். மகனும் மகளும் மாஸ்கோவில் இருந்தார்கள். அமெரிக்காவில் மணம் செய்து லானா பீட்டர்ஸ் ஆனார். மூன்று பெயர், இரண்டு கண்டம். 2011-ல் 85 வயதில், ரோஸ்மேரி இருந்த அதே விஸ்கான்சின் மாநிலத்தில் இறந்தார். செய்தி வெளியானபோது பத்திரிகைகளில் தலைப்பு: ஸ்டாலினின் மகள் மரணம்.

இதெல்லாம் பெரிய குடும்பங்களின் கதை, என் தோழியின் வீடு அந்த அளவுக்கு இல்லை என்று சொல்வீர்கள். சரி. அரசியல் குடும்பங்களில் பெரும்பாலானவை சின்னவைதான். அங்கே தோட்டா இருக்காது, வேறு சில இருக்கும். வீட்டு முன்னறை பிள்ளைக்குச் சொந்தமில்லை. விடிகாலையிலேயே மனு வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நாளை பரீட்சை என்பதால் வந்தவரை வெளியே போகச் சொல்ல முடியாது, ஓட்டு அது. யாரிடமும் கோபமாகப் பேசக்கூடாது. எந்தப் படத்துக்கு, யாரோடு போனாய் என்பது இரவுக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். பெண்பிள்ளை என்றால் எல்லாமே இரட்டிப்பு. எதிர்க்கட்சிக்காரர் மேடையில் அப்பாவை என்ன சொன்னார் என்பதை வகுப்புத் தோழர்கள் வந்து சொல்லிக்காட்டுவார்கள். இப்போது அந்த ஏச்செல்லாம் கைபேசித் திரையிலேயே வந்துவிடுகிறது, படுக்கையில் கிடந்தபடி ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பற்றி எழுதப்பட்ட ஆபாசத்தைப் படிக்கிறது.

என் மாணவியின் அப்பா அடுத்த தேர்தலில் தோற்றார். அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. முடிவு வந்த மறுநாளும் பள்ளிக்கு வந்தாள். இரண்டு வருடமாக அவளைப் பார்த்ததும் நின்று விசாரிக்கும் அலுவலக ஊழியர் ஒருவர், அன்று கையிலிருந்த காகிதத்தைப் படித்தபடியே கடந்து போனார். எப்போதும் பக்கத்தில் உட்காரும் ஒரு பெண் இடம் மாறியிருந்தாள். மதியம் என்னிடம் வந்து, "வீட்ல போனே அடிக்கல சார், நேத்து ராத்திரிலேர்ந்து" என்றாள். அழவில்லை. அந்த வீட்டில் போன் அடிக்காத ஒரு காலை அவள் பிறந்ததிலிருந்து விடிந்ததே இல்லை. அந்த அமைதியில் யார் யார் தனக்காக வந்தவர்கள், யார் பதவிக்காக வந்தவர்கள் என்று ஒரே நாளில் எண்ணி முடித்துவிட்டாள். பதினாறு வயதுக்கு அது ரொம்பப் பெரிய கணக்கு.

சட்டப்படியும் சில விஷயங்கள் உண்டு. அரசியல் பதவியில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் வங்கிகளின் தனிக் கண்காணிப்பில் வருவார்கள். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989-ல் தொடங்கப்பட்ட எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பின் 12-வது பரிந்துரை இதைச் சொல்கிறது. குறிப்பாக வெளிநாட்டில் கணக்குத் தொடங்கினால் பணம் எங்கிருந்து வந்தது என்று கூடுதலாகக் கேட்பார்கள், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் வேட்பாளர் தன் சொத்தோடு துணைவர், தன்னைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரின் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத வேண்டும். இரண்டுமே அவசியமான விதிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கி இருக்கும் மகளின் வங்கிக் கணக்கும் அப்பாவின் நிழலில்தான் இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் சொன்னது வாரிசு அரசியலுக்கு வக்காலத்து வாங்க அல்ல. ஒரு குடும்பத்துக்கே கதவு திறந்திருந்தால் வெளியே நிற்கும் ஆயிரம் திறமையான பிள்ளைகளுக்கு அது அநியாயம். பிலிப்பைன்ஸ் தன் 1987 அரசியல் சட்டத்திலேயே அரசியல் வம்சங்களைத் தடை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தது. அதை நிறைவேற்றும் முழுமையான சட்டத்தைப் பல பத்தாண்டுகளாக நாடாளுமன்றம் இயற்றவில்லை, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்த வம்சங்களைச் சேர்ந்தவர்கள். மக்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் போய் விழுகிற இடம் சில நேரம் பத்து வயதுப் பிள்ளையாக இருந்துவிடுகிறது, அதைத்தான் சொல்கிறேன். பிறப்பால் கிடைத்த வசதியும் பிறப்பால் வந்த வலியும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளும் கணக்கில்லை. உங்கள் தோழியிடம் இரண்டும் இருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சிரித்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள், பெரிதாக விளக்க வேண்டாம். அவர் வீட்டு விஷயமாக யாருக்காவது சிபாரிசு கேட்டிருந்தால் இனிமேல் கேட்காதீர்கள். அவர் சமைத்தது, எழுதியது, வரைந்தது, வேலையில் செய்தது எதையாவது காட்டினால் உண்மையான கருத்தைச் சொல்லுங்கள். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே சொல்லுங்கள். அவருக்கு அது யாரும் தராத பொருள். குடும்பத் தொழிலுக்குள் போக வேண்டுமா வேண்டாமா என்று அவர் குழம்பிக்கொண்டிருந்தால், எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள், தள்ளுவதற்கு வீட்டில் ஏற்கெனவே ஆள் இருப்பார்கள்.

அடுத்த முறை சந்திக்கும்போது அவர் அப்பாவைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ எதுவும் கேட்காமல் ஒரு மாலை முழுக்க இருந்து பாருங்கள். முதலில் அவருக்கே என்ன பேசுவது என்று தெரியாமல் போகலாம். கொஞ்சம் பொறுத்திருங்கள்.